சிவப்பு எண் காட்டும் ஊர்

தோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ரயில் பயணத்தில் ஃபுத்தாபா வந்துவிடுகிறது. ஒருபுறம் மலை, மறுபுறம் பசிபிக் கடல். நிலையம் புத்தம் புதியது. வெளியே வந்தால் கடைத்தெரு இல்லை, பள்ளிக்கூடச் சத்தம் இல்லை. இடித்த வீடுகளின் காலி மனைகளில் புல் வளர்ந்திருக்கிறது. ஒரு கம்பத்தில் சிவப்பு எண்கள் ஒளிர்கின்றன. அந்த இடத்தின் கதிர்வீச்சு, மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று காட்டும் கருவி அது.

நான் பார்த்தபோது 0.09. உலகின் பல நகரங்களில் சாதாரணமாக இருக்கும் அளவுதான். மண்ணிலும் பாறையிலும் விண்வெளியிலும் இருந்து கதிர்வீச்சு எல்லார்மீதும் எந்நேரமும் படுகிறது. உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஜப்பானுக்கு நான் வந்த விமானத்தில், பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், இந்தக் கம்பம் காட்டியதைவிடப் பல மடங்கு அதிகமாகவே பட்டிருக்கும்.

கிள்ளானில் இருக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை. “ஏம்மா, சுத்திப் பார்க்க வேற ஊரே கிடைக்கலையா? எதையாவது ஒட்டிக்கிட்டு வந்துடாதே” என்றார் தொலைபேசியில்.

உண்மையில் அம்மா சரியான இடத்தைத்தான் தொட்டார். கதிர் ஒட்டாது. வெயிலைப் போல, விலகிவிட்டால் தீர்ந்தது. ஒட்டுவது கதிரை வெளியிடும் தூசு. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில், இங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள ஃபுக்குஷிமா டாய்ச்சி நிலையத்தில் இயங்கிக்கொண்டிருந்த மூன்று அணு உலைகளும் முறைப்படி நின்றுவிட்டன. யுரேனிய அணுக்கள் பிளக்கும் தொடர்வினை அடங்கிவிட்டது. ஆனால் பிளந்த துண்டுகள் தாமாகச் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும்; தண்ணீர் ஊற்றாத விறகின் தணல் மாதிரி. அதைக் குளிர்விக்க மின்சாரம் வேண்டும். சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. எரிபொருள் உருகியது, ஹைட்ரஜன் வெடித்தது, தூசு காற்றோடு போனது.

அந்தத் தூசில் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். சில மாதங்களில் அது இல்லாமலே போனது. சீசியம்-137 பாதியாக 30 ஆண்டுகள். அன்று ஐந்து வயதாக இருந்த ஃபுத்தாபா குழந்தைக்கு அப்போது 35 ஆகியிருக்கும். அதனால்தான் மேல்மண்ணைச் சுரண்டிக் கறுப்புப் பைகளில் கட்டினார்கள். கழுவ முடியாத மலைக்காடுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். ஊருக்குள் எண் இறங்கியது இப்படித்தான்.

எண் இறங்கினாலும் ஊர் திரும்பவில்லை. முன்பு இங்கே சுமார் 7,000 பேர். குடியிருக்க அனுமதி கிடைத்தது 2022 ஆகஸ்டில், அதுவும் ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும். பதினொரு ஆண்டுகளில் பிள்ளைகள் வேறு பள்ளியில் படித்து முடித்திருப்பார்கள், பெற்றோர் வேறு ஊரில் வேலை பார்ப்பார்கள். திரும்பியவர்கள் மிகச் சொற்பம். ஃபுக்குஷிமா மாநிலத்தில் இடப்பெயர்வின் அலைச்சலாலும் சிகிச்சை தடைபட்டதாலும் இறந்தோர் 2,300 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். சுனாமி அந்த மாநிலத்தில் நேரடியாகக் கொன்றவர்களைவிட இது அதிகம். அளவு தெரியாத அச்சமும் ஆளைக் கொல்லும் என்று எனக்குப் பட்டது. உலையைக் கட்டியவர்கள் கடலைக் குறைத்து மதிப்பிட்டதை இது மன்னித்துவிடாது.

கடற்கரையோர நினைவு அருங்காட்சியகத்தில், முன்பு ஊர் நுழைவாயிலில் தொங்கிய வாசகப் பலகையைப் பார்க்கலாம். அணுசக்தியே ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல் என்கிறது அது. பள்ளிச் சிறுவன் ஒருவன் எழுதிய வரி. பெரியவனான பிறகு, பலகையை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று போராடியவர்களில் அவரும் ஒருவர்.

சுரண்டிய மண் இன்னும் பக்கத்திலேயே, ஃபுத்தாபாவுக்கும் ஒக்குமாவுக்கும் இடையே கிடக்கிறது. 2045க்குள் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதாக அரசு சட்டம் போட்டிருக்கிறது. எந்த ஊர் அதை வாங்கிக்கொள்ளும் என்று நான் போனபோது முடிவாகியிருக்கவில்லை.