உரியவனுக்கு முதலில்

திருடாமல் வாழ்வது பெரிய காரியமல்ல. நம்மில் பெரும்பாலோர் திருடுவதில்லை. நள்ளிரவில் ஓட்டைப் பிரித்து இறங்கும் துணிவும் நமக்கில்லை, தேவையும் இல்லை. அதனால் களவைத் தடுக்கும் கட்டளை தேவாலயத்தில் வாசிக்கப்படும்போது எல்லாரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம். அது வேறு யாருக்கோ சொன்னது!

ஆனால் களவு எப்போதும் சுவரேறித்தான் வருகிறதா? தராசின் வழியாக வரும். வரப்பை அரையடி தள்ளிப் போட்டால் வரும். கூலிக்கு நிற்பவனிடம் "நாளைக்கு வா" என்று சொன்னாலும் வரும். மோசேயின் சட்டம் இவை மூன்றையும் தனித்தனியே எடுத்துச் சொல்லித் தடுக்கிறது. அப்படி வந்துவிட்டதை என்ன செய்வது? அதுதான் கடினமான கேள்வி.

கதை எழுதுகிறவன் என்ற முறையில், லூக்கா எழுதிய சகேயுவின் கதைமேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையே உண்டு. பத்தே வசனங்கள். எரிகோவில் வரி வசூலிப்பவர்களின் தலைவன், பணக்காரன், குள்ளன். இயேசுவைப் பார்ப்பதற்காகக் காட்டத்தி மரத்தில் ஏறுகிறான். அவரோ அவன் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறார். ஊர் முணுமுணுக்கிறது. சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், யாரையாவது ஏய்த்து வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான்.

அந்த நான்கு மடங்கைக் கவனிக்க வேண்டும். குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது லேவியராகமம். நான்கு மடங்கு என்பது, ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கும் விற்றவனுக்கும் யாத்திராகமம் விதித்த தண்டம். சகேயு தன்னை அதிகாரியாக எண்ணிக் கணக்குப் போடவில்லை. ஆட்டுத் திருடனாக எண்ணிப் போட்டான். இன்னொன்றும் உண்டு. அந்தப் பணத்தை எருசலேம் ஆலயத்துக்குக் காணிக்கையாக்குவேன் என்று அவன் சொல்லவில்லை. இழந்தவன் கையிலேயே கொடுப்பேன் என்றான்.

என் தகப்பனாருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, திருநெல்வேலிச் சீமையில் இருந்த எங்கள் தோட்டத்தைச் சர்வேயர் வந்து அளந்தார். தாத்தா காலத்திலிருந்து எங்களுடையது என்று நம்பியிருந்த புளியமரம் அடுத்த தோட்டக்காரரின் எல்லைக்குள் நின்றது. மரத்தை விட்டுவிடலாம். ஆண்டுதோறும் உலுக்கி விற்ற புளியை என்ன செய்வது? சபைப் பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்தார்.

"தெரியாம நடந்ததுதானே தம்பி. மரத்தைக் கொடுத்திரு, போதும். மனசு கேக்கலேன்னா அறுப்பின் பண்டிகைக்கு ஒரு தொகை எழுதிரு."

"கர்த்தருக்கு நம்ம பக்கத்திலே தோட்டம் கிடையாதே, அண்ணாச்சி!" என்றார் அப்பா.

தாம் பொறுப்பேற்ற பிறகு விற்ற புளிக்கெல்லாம் விலை போட்டு, லேவியராகமம் சொன்னபடி ஐந்தில் ஒரு பங்கும் கூட்டினார். அதற்காகக் கறவை மாடு விலை போயிற்று. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. அப்பாவின் நேர்மைக்கு வீட்டிலிருந்த எல்லாருமே விலை கொடுத்தோம். பல மாதங்கள் எங்களுக்குக் கடுங்காப்பிதான்.

அடுத்த தோட்டக்காரர் கண்ணீர் மல்க அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அதெல்லாம் என்னைப் போன்றவர்கள் எழுதும் கதைகளில்தான் நடக்கும். பணத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்து, மடியில் முடிந்துகொண்டு போனார். "அவர் பணம், எண்ணத்தானே செய்வார்" என்றார் அப்பா.

இன்று பல தேவாலயங்களில் மின்விசிறியின் இறக்கையிலும் குழல்விளக்கின் பட்டையிலும் நன்கொடையாளர்களின் பெயர்களைப் படிக்கலாம். நல்ல மனத்தோடு கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலையாளின் கூலியைப் பாக்கி வைத்துவிட்டு, தம் பெயர் தலைக்குமேல் சுழல்வதை ஒருவர் அண்ணாந்து பார்ப்பாரானால், அந்தக் காற்றுக்கு விலை கொடுத்தவர் அவரல்ல, அந்த வேலையாள்தான்.

காணிக்கையோடு பீடத்தருகே நிற்கும்போது, நம்மேல் குறையுள்ள ஒருவன் நினைவுக்கு வந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னார் இயேசு. காணிக்கை காத்திருக்கும். பீடமும் எங்கும் போய்விடாது. கூலிக்காரன் வீட்டு அடுப்புத்தான் காத்திருக்காது.