கூட்டல் குறி

வாஷிங்டனில், வியட்நாம் போரில் இறந்த, காணாமல் போன அமெரிக்க வீரர்களுக்கான நினைவுச் சுவரைப் பார்க்க எனக்கு மனமே இல்லை. அடுத்தவன் நாட்டில் போய்க் குண்டு போட்டவர்களுக்கு நினைவுச் சின்னமா என்ற கோபம் பள்ளி நாளிலிருந்தே உண்டு. வியட்நாம் பக்கம் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் லட்சக்கணக்கில். அவர்கள் பெயர் இங்கே இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அந்தக் கறுப்புக் கல் என்னை நிறுத்திவிட்டது. பெங்களூர்ப் பக்கம் வெட்டியெடுத்த கல்லாம். நம்மூர்க் கோயில் தூண் மாதிரி அப்படியொரு மெருகு. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். படிக்கக் குனிந்தால் எழுத்துகளுக்கு நடுவே நம் முகம் தெரிகிறது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பொடிக் குறி. சாய்சதுரம் என்றால் இறந்தது உறுதி. கூட்டல் குறி என்றால் ஆள் என்ன ஆனார் என்றே தெரியாது. எலும்பு கிடைத்து அடையாளம் தெரிந்தால், கூட்டல் குறியின் மேலேயே சாய்சதுரத்தைச் செதுக்கிவிடுவார்கள். உயிரோடு திரும்பினால் அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. 1982-இல் சுவரைத் திறந்ததிலிருந்து ஒரு வட்டம்கூட விழவில்லை.

எங்கள் வீட்டுக் கூடம் கண்முன் வந்தது. தாத்தா படத்துக்கு மாலையும் பொட்டும். பக்கத்தில் பெரியப்பா படம் வெறுமனே தொங்கும். வேலை தேடி வடக்கே போனவர், வரவேயில்லை. "ஒரு திதி குடுத்துருங்க ஆத்தா" என்றார் ஒரு உறவுக்காரர். அப்பத்தா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எம்புள்ள செத்ததை நீ பாத்தியா?"

சுவருக்கு முன்னால் ஒரு அமெரிக்கப் பாட்டி, கையில் எஃகுக் காப்போடு பெயர் தேடிக்கொண்டிருந்தார். காப்பில் ஒரு விமானியின் பெயர், பதவி, காணாமல் போன தேதி. சுவரில் பெயர்கள் அகரவரிசையில் இல்லை, தேதி வரிசையில் இருக்கின்றன. காப்புத் தேதியை வைத்து இருவருமாகத் தேடினோம்.

"உங்கள் சொந்தக்காரரா?" என்றேன்.

"இல்லை. முகம்கூடத் தெரியாது." கல்லூரியில் படிக்கும்போது போட்டுக்கொண்டாராம். அப்போது அவரைப் போல லட்சக்கணக்கானோர் ஆளுக்கொரு பெயரைக் கையில் ஏந்தியிருக்கிறார்கள். அந்த ஆள் வரும்வரை கழற்றுவதில்லை என்று உறுதி. 1973-இல் 591 அமெரிக்கப் போர்க்கைதிகள் விடுதலையானபோது, விமானத்திலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். அவர் ஆள் இறங்கவில்லை.

பெயர் கிடைத்தது. பக்கத்தில் கூட்டல் குறி அப்படியே இருந்தது. பாட்டி மூச்சு விட்டார். ஏமாற்றமா நிம்மதியா, எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்குக் கை நடுங்கியது. காகிதத்தைக் கல்லோடு சேர்த்து நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் பென்சிலால் தேய்த்தார். எழுத்து ஒவ்வொன்றாக வெள்ளையாய் மேலே வந்தது. கடைசியில் அந்தக் குறி. மடிக்கும்போது மடிப்பு அதன் மேல் விழாதபடி பார்த்து மடித்தார். காப்பைக் கழற்றவில்லை.

அப்பத்தா போய்ப் பதினோரு வருஷம். புது வீட்டுக்குப் படங்களை மாற்றிய அன்று மூன்று மாலை வாங்கி வந்தேன். தாத்தாவுக்கு ஒன்று, அப்பத்தாவுக்கு ஒன்று போட்டேன். மூன்றாவது, சாயங்காலம் வரை தண்ணீர் தெளித்த இலையிலேயே இருந்தது.