வழி சொன்னால் போதுமா?

ரவுட்டரில் 'இந்த முகவரிக்கு இந்தப் பக்கம் போ' என்று நாமே எழுதி வைக்கும் வழிக்கு ஸ்டேட்டிக் ரூட் என்று பெயர். ஒரே வரிதான், எழுதியதும் இணைப்பு வந்துவிடும். "வந்துருச்சுக்கா, கடைசி எம்ஆர்டியைப் பிடிக்கலாமா?" என்பார்கள் என்னுடன் இரவுப் பணி பார்க்கும் தம்பிகள். நான் விடமாட்டேன். அந்த வழியை வெளியே யாருக்கு அறிவிக்கலாம், யாருக்கு அறிவிக்கக்கூடாது என்ற விதிகளையும் எழுதிய பிறகே கிளம்புவோம்.

காரணம் கேட்டால், 2008 பிப்ரவரி 24ஆம் தேதியைச் சொல்வேன். அரசு உத்தரவுப்படி யூடியூப்பைத் தன் நாட்டுக்குள் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகாம் ஒரு வழியை எழுதியது. அந்த அறிவிப்பு நாட்டுக்கு வெளியே கசிந்தது. அதைப் பெற்ற ஹாங்காங் நிறுவனமும் சோதிக்காமல் உலகுக்கே சொல்லிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. பாகிஸ்தான் அறிவித்ததோ அதற்குள் அடங்கிய 256. சிறிய தொகுதிக்கே முதலிடம் கொடுப்பது ரவுட்டர்களின் இயல்பு. யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் உலகெங்கும் முடங்கியது.

நாம் எழுதுவதை நம் ரவுட்டர் நம்புகிறது. அது சொல்வதைப் பக்கத்து ரவுட்டர் நம்புகிறது. எங்கோ முகம் தெரியாத ஒருவரின் வழியை நம் ஒரு வரி மறித்துவிடக் கூடாது.