சாங்கியில் எங்கே தங்குவது?

நம்மவர் வெளியூர் புறப்படுமுன் கேட்கும் முதற்கேள்வி, "அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்பதாகும். உறவினர் இருப்பின் அவர் வீடே விடுதி. பாயும் தலையணையும் அவர் பாடு. உறவினர் இல்லாத ஊருக்குத் திருவிழா உண்டானாலன்றி நாம் போவதே அரிது. ஆதலின் பணங்கொடுத்து, நாள் குறித்து, இவ்விடம் வேண்டும், அவ்விடம் வேண்டாம் என ஆராய்ந்து தங்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் குழந்தைப் பருவத்தையே கடக்கவில்லை.

வரும் பள்ளி விடுமுறையில் கடலோரத்தில் இரண்டிரவு தங்குவதென எங்கள் குடும்பத்தார் முடிவு செய்தனர். ஜொகூர்த் தோட்டப் பகுதியிலிருந்து என் தமையனார் குடும்பம், சிங்கப்பூரில் என்னோடு வாழும் எண்பது வயது அன்னை, என் மனைவி மக்கள், ஆகப் பதினொருவர். இடம் சாங்கி என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. சாங்கியில் எங்கே என்பதிலேதான் வீடு இரண்டுபட்டது, இரண்டன்று, நான்குபட்டது.

என் மகளுக்கு ஹோட்டல் வேண்டும். நீச்சற்குளம், காலையில் வேண்டுமளவு உண்ணக்கூடிய பலகாரம், குளிரூட்டிய அறை. இவற்றைக் குறை கூறேன். ஆயினும் பதினொருவரை நான்கு அறைகளில் அடைத்து, நான்கு கதவையும் சாத்திவிட்டால், உறவினர் கூடினர் என்பதற்குச் சான்று உணவு மேசை ஒன்றுதான். அதற்குத் தமையனார் பாலம் கடந்து, குடிநுழைவு வரிசையில் மணிக்கணக்காய் நின்று வரவேண்டுவதில்லை.

தமையனார் மக்கள் இருவரும் கூடாரத்திற்குக் கொடி பிடித்தனர். சாங்கிக் கடற்கரைப் பூங்காவில் அதற்கென வகுத்த பகுதியில் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் கூடாரம் அடிக்கலாம், அச்சீட்டுக்குக் கட்டணமில்லை. காற்றும் மணலும் இலவசம். விமான இரைச்சலும் இலவசம். 1981 ஜூலை முதல் நாள் தொடங்கிய சாங்கி விமான நிலையம் அருகிலேயே இருப்பதால், இரவெல்லாம் தலைக்குமேல் பறவைகள் இறங்கியவண்ணம் இருக்கும். இளைஞருக்கு இது வேடிக்கை. அவர்களிடம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே: கூடாரத்துக்கு முளையடிக்குமுன் அக்கரையிலுள்ள நினைவுக்கல்லைப் பகலொளியில் ஒருமுறை படித்துவிடுங்கள். 1942 பிப்ரவரி 20ஆம் நாள், ஊர் ஜப்பானியர் கைக்கு வந்த ஐந்தாம் நாள், சீன ஆடவர் அறுபத்தறுவரை இக்கரையில் நிறுத்திச் சுட்டனர். அதனால் அங்கே எவரும் விளையாடலாகாது என்பது என் கருத்தன்று. பிள்ளைகள் விளையாடுவதற்கே கடற்கரை. ஆனால் தாம் எதன்மேல் படுத்திருக்கிறோம் என்பதை அறிந்து படுப்பது நன்று.

என் விருப்பமோ எதிர்க்கரையிலுள்ள உபின் தீவு. சாங்கி முனைத் துறையில் பன்னிருவர் சேர்ந்ததும் படகு புறப்படும். பத்து நிமிடத்தில் அக்கரை. குழாய்நீர் இல்லை, கிணற்று நீர். பொது மின்சாரம் இல்லை, எண்ணெய் எந்திரமும் வெயிலிலிருந்து எடுக்கும் மின்சாரமுமே. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அத்தீவின் இருட்டு ஓர் உறவினனைப்போலத் தோன்றும். உபின் கருங்கல்லால் 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழுந்தது. தமையனார் கடந்துவரும் ஜொகூர்ப் பாலத்திலும் அத்தீவின் கல் கிடக்கிறது. இவ்வளவும் எடுத்துச் சொல்லி வாதாடினேன். அன்னையார் அமைதியாகக் கேட்டிருந்து, "படகிலே ஏற யார் என்னைத் தூக்குறது?" என்றார். வழக்கு அத்துடன் முடிந்தது.

எஞ்சியது பங்களா. சாங்கியில் 1920களின் பிற்பகுதி முதல் பிரிட்டிஷார் பெரும் படைத்தளம் அமைத்தனர்; மேட்டிலும் கரையோரத்திலும் அதிகாரிகளுக்கு வீடுகள் கட்டினர். உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், கடலை நோக்கிய பெரிய சாளரங்கள். 1971இல் அவர்கள் படை நீங்கியபின் அவ்வீடுகளுட் சில விடுமுறை விடுதிகளாயின. எங்களுக்கு முறையுண்டான ஒரு சங்கத்தின் வழியாக அத்தகைய பங்களா ஒன்று கிடைப்பதாயிருந்தது. செலவைப் பங்கிட்டால் ஹோட்டலினும் குறைவு. கூடமோ பதினொருவரும் ஒருங்கே உட்காரப் போதியது.

படத்தைக் காட்டினேன். அன்னையார் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டது, வாடகையன்று. கடல் எவ்வளவு தூரம் என்பதுமன்று. "பின்னால வேலைக்காரர் அறை இருக்குதா?" என்றார். இருக்கிறது என்றேன். "அதிலே யார் படுக்கிறது?"

இக்கேள்வியின் வயது பெரிது. என் பாட்டியார் 1937இல் ராஜுலாக் கப்பலின் மேற்றட்டில் வந்தவர். கரை சேர்ந்ததும் அவர் தங்கிய முதலிடத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. செயிண்ட் ஜான்ஸ் தீவு நோய்த்தடுப்பு முகாமுக்கு அனுப்பினர். 1874இல் ஏற்பட்ட முகாம் அது. அங்கிருந்து தோட்டம், தோட்டத்தில் கங்காணி காட்டிய லயத்து அறை. பத்துக்குப் பன்னிரண்டடி அவ்வறையில்தான் என் அன்னை பிறந்தார். இளம்பருவத்தில் துரை பங்களாவில் பாத்திரம் துலக்கியபோது அவர் பின்வாசல் வழியாகவே போய்வந்தார். முன் தாழ்வாரத்தைத் துடைக்க மட்டுமே மிதித்தார். அதே அமைப்புள்ள வீட்டுக்கு விருந்தாளியாகப் போவதென்றால் எந்த வாசல் தமக்கு என அவர் எண்ணியதில் வியப்பென்ன?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. விடுமுறைத் தீவுகள் என உலகம் புகழும் கரிபியன் தீவுகளுக்கும் நம்மவர் போனார்கள். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சிந்தியத் துறைகளிலிருந்து சென்ற தமிழர் அங்கே கரும்பு வெட்டினர். டிரினிடாடுக்கு வந்த இந்தியரை 1866 முதல் 1917 வரை நெல்சன் தீவில் இறக்கிச் சோதித்தே உள்ளே விட்டனர். இன்று அக்கரைகளில் எந்த விடுதி, எந்தத் திசைச் சாளரம் எனப் பயணிகள் பட்டியல் வைத்துத் தேர்கிறார்கள். நம் செயிண்ட் ஜான்ஸ் தீவும் 1975இல் பொழுதுபோக்கு இடமாயிற்று. முகாமாயிருந்த தீவு உல்லாசத் தீவாக மாற நூறாண்டு போதும் போலும். வாசலைப் பற்றிய தயக்கம் மாற அதனினும் நெடுநாள் வேண்டியிருக்கிறது.

பங்களாவுக்கே பணம் கட்டினோம். நாள் குறிக்கையில் உறவினர் ஒருவர் அட்டமி நவமி பார்க்கச் சொன்னார். நாங்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் பார்த்தோம். அந்நாட்களையொட்டிக் கடல் மிகுதியாக ஏறி மிகுதியாக இறங்கும். இறங்கிய வேளையில் நண்டும் நட்சத்திர மீனும் மணலில் கிடப்பதைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துவரலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களை விலக்கினோம். அம்மாதங்களில் எந்த விடுதியும் ஒன்றுதான், எல்லாம் சாளரம் சாத்திய அறையே.

இளைஞர் இருவரும் ஓரிரவு கூடாரத்துக்குப் போய்வருவார்கள். என் மகளுக்கு நீச்சற்குளம் இல்லாத வருத்தம் இன்னும் தீரவில்லை. பின்கட்டு அறையில் மிதிவண்டிகளை வைப்பதென ஏற்பாடு. கடலை நோக்கிய முன்னறை அன்னைக்கு. "எனக்கு எதுக்கு அவ்வளவு பெரிசு?" என்று ஒருநாள் முழுதும் மறுத்தார், மறுநாள் அவரே என்னை அழைத்து, அங்குள்ள அடுப்பு எப்படிப்பட்டது, பதினொருவர்க்குச் சோறு வடிக்கப் பெரிய பானை உண்டா, இல்லையேல் தம்முடையதைக் கொண்டுவரலாமா என விசாரித்துச் சொல்லும்படி பணித்தார். நாளை கேட்கவேண்டும்.