தெரிந்தவருக்கு ஒரு ரேட்

விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றிக் கொடுக்கும் கவுண்டர் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போவதெல்லாம் நானாகச் செய்தது.

வளைகுடா விமானம் இறங்கினால் எங்களுக்கு வியாபாரம். துபாயிலும் சார்ஜாவிலும் கட்டட வேலை, வீட்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சட்டையின் உள்பையிலிருந்தும் பாஸ்போர்ட் உறையிலிருந்தும் மடித்த திர்ஹாம் தாள்களை எடுத்து நீட்டுவார்கள். சம்பளத்தை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இது கடைசியில் கையில் தங்கிய காசு.

கண்ணாடியில் ‘கமிஷன் கிடையாது’ என்று ஒட்டியிருப்போம். அது உண்மைதான். லாபம் முழுக்க ரேட்டிலேயே இருக்கிறது. திர்ஹாம், 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாக நிறுத்தப்பட்ட நாணயம். டாலர் விலை தெரிந்தால் வகுத்துப் பார்த்துவிடலாம். 2023இல் டாலர் 82 ரூபாயை ஒட்டி நின்றபோது ஒரு திர்ஹாமின் சந்தை விலை 22 ரூபாய்க்கு மேல். எங்கள் பலகையில் 19 ரூபாய்ச் சொச்சம். ரசீதில் ஜி.எஸ்.டி. 45 ரூபாய் என்று தனியாகத் தெரியும். திர்ஹாமுக்கு மூன்று ரூபாய் வீதம் போனது எங்கேயும் தெரியாது.

விமான நிலையத்தில் கடை வாடகை அதிகம், ஆகவே ரேட்டும் மோசம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் பலகை ரேட்டுக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க எங்களுக்கு இடமிருந்தது. அதை யாருக்குக் கொடுத்தேன் என்பதில்தான் என் குற்றம். அன்றைய விலையை போனில் காட்டி, ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசி, வெளியே மாற்றிக்கொள்கிறேன் என்று பெட்டியைத் தள்ளுகிறவருக்கு உடனே ஒன்றரை ரூபாய் ஏற்றுவேன். “சார்” என்று தயங்கி நிற்பவருக்குப் பலகையில் உள்ளதுதான். அந்தக் காசு யாருக்கு அதிகம் தேவை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் அப்பாவும் மஸ்கட்டில் கொத்து வேலை பார்த்தவர்தான். மாத முடிவில் வரும் ஊக்கத்தொகை, கேட்காதவர்களிடம் மிச்சம் பிடித்ததில் வந்தது. அதை வேண்டாம் என்று ஒரு மாதமும் நான் சொன்னதில்லை.

வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்த ஓர் அம்மா ஒருநாள் 1,200 திர்ஹாமை வைத்துவிட்டு நேராகவே கேட்டார்: “தம்பி, இதை ஊர்ல போய் மாத்துனா கூடக் கிடைக்குமா?”

கிடைக்கும். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கடைகள் ஊருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. போட்டியில் ரேட் ஏறத்தான் செய்யும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவுக்கு இங்கே மாற்றுங்கள், மிச்சத்தை ஊரில் பாருங்கள் அம்மா என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

“எல்லா இடத்துலயும் இதே ரேட்டுதாம்மா,” என்றேன்.

பலகை ரேட்டில் மறைத்தது வேறு, இது வேறு. என்னை நம்பிக் கேட்டவரிடம் வாயைத் திறந்து சொன்ன பொய் இது. மேலாளர் பக்கத்தில் இல்லை, வரிசையில் வேறு யாரும் இல்லை, யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. மூவாயிரம் ரூபாய்க்கு மேல் அவருக்கு நஷ்டம் என்று கணக்கும் மனதில் ஓடியது. அவர் ரூபாயை இரண்டு தடவை எண்ணி, “நல்லா இரு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய பாஸ்போர்ட் நகல் கோப்பில் இருந்தது. அதில் முகவரியும் இருந்தது. என் கைக்காசில் ஒரு மணியார்டர் அனுப்பியிருக்கலாம். வேலையில் இருந்தவரை அந்தக் கோப்பை எத்தனையோ முறை திறந்தேன், அனுப்பவில்லை.