காந்தளில் ஒரு பங்கு

அச்சன்புதூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பண்பொழித் திருமலை தெரியும். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஆண்டில், என் துணைவியார் கொல்லை வேலியோரம் செங்காந்தள் கிழங்கு ஒன்றை ஊன்றினார். ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால், அக்கொடியின் மலர்களைத் திருமலைக் குமரனுக்குக் கொண்டு செல்வார். அவர் இறைவனடி சேர்ந்த பின் அக்கடமை என்னுடையதாயிற்று.

காந்தள் முருகனுக்கு உகந்த மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களில் முதலாவது அதுவே. கோடையில் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். சாரல் தொடங்கியதும் முளைவிடும். இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பற்றிக்கொள்ளும். பூ பசுமையாய் அரும்பி, மஞ்சளாகி, தீக்கொழுந்து போலச் சிவக்கும். ஆனால் கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருளை அளவறிந்து மூட்டுவலிக்கு மருந்தாக்குகிறார்கள். நாமாக அதைத் தீண்டலாகாது.

துணைவியார் மறைந்த மறு ஆண்டு, ஆவணி மாதத்தில் ஒருநாள் கொடி முழுவதும் புழுக்கள். கருநிற உடலில் வெள்ளைப் புள்ளிகளும் செந்நிறத் திட்டுகளும் கொண்டவை. கூட்டமாக இலைகளை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. அவர் விட்டுச்சென்ற கொடி அழிகிறதே என்ற பதற்றத்தில் பூச்சிமருந்து வாங்கித் தெளித்தேன். மாலைக்குள் எல்லாம் உதிர்ந்து கிடந்தன. அவ்வாண்டும் மலர் கொண்டு சென்றேன். ஆயினும் சந்நிதியில் நின்றபோது மனம் நிலைகொள்ளவில்லை.

அடுத்த ஆண்டும் புழுக்கள் வந்தன. மருந்தும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, தோட்ட வேலைக்கு வரும் பெரியவர் மெல்லச் சொன்னார்: “ஐயா, அதுக்கும் இதுதானே சோறு!”

மருந்தைக் கீழே வைத்துவிட்டேன். அதன்பின்தான் அப்புழுவைப் பற்றித் தேடிப் படித்தேன். அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் குழந்தை. 18ஆம் நூற்றாண்டில் அதற்கு அறிவியற்பெயர் இட்ட டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபாப்ரீசியஸ், காந்தளின் பெயரையே அதற்கும் சூட்டினார்: ‘குளோரியோசே’. தாய்ப்பூச்சி இலையில் கொத்தாக முட்டையிடும். குஞ்சுப் புழுக்கள் ஒன்றாகவே மேயும். வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். காந்தள் மட்டுமன்றி, விஷமூங்கில், அல்லி இனத் தோட்டச் செடிகள் சிலவும் அதன் உணவு. பெரும்பாலும் எல்லாம் நஞ்சுடையவை! ஆடுமாடுகள் ஒதுக்கும் தழையை அவ்வுயிருக்கு அமுதாக வைத்திருக்கிறான் இறைவன்.

எங்கள் கிணற்றடியில் விஷமூங்கில் ஒரு புதராகவே வளர்ந்து நின்றது. நானும் பெரியவரும் புழுக்களை இலையோடு கிள்ளி, பெரும்பகுதியை அதில் விட்டோம். சிலவற்றைக் கொடியிலேயே விட்டுவைத்தோம். விஷமூங்கில் இலைகள் கந்தலாயின. அதனால் புதருக்குக் கேடில்லை, மீண்டும் தழைத்தது. காந்தளும் பிழைத்தது. முந்தைய ஆண்டுகளைவிடக் குறைவாகவே பூத்தது. சஷ்டிக்கு ஏழு மலர்கள் தேறின.

சில வாரங்கள் கழித்து ஒரு விடியற்காலை, கிணற்றுச் சுவரில் ஒரு பூச்சி அமர்ந்திருந்தது. சிறகு விரித்தால் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடும். கருமையில் சிவப்பும் மஞ்சளும் இழைத்த சிற்றாடை போல இருந்தது. காந்தளின் நிறமும் அதுதானே என்று எண்ணிக்கொண்டேன். அழைத்துக் காட்ட அவர் இல்லையே என்று கண் கலங்கியது.

சூரபதுமனை அழித்தொழிக்காமல் மயிலாகவும் சேவலாகவும் தன்னருகில் வைத்துக்கொண்டவன் முருகன். அவன் மலருக்காக நான் எத்தனை உயிரைக் கொன்றேன்! வாழ்நாளெல்லாம் வரவு செலவு எழுதியவன் நான். இந்தக் கணக்கில் மட்டும் புழுவின் பங்கை எழுத மறந்திருந்தேன். இப்போது ஆண்டுதோறும் அதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். மிஞ்சும் மலர்கள் அவனுக்கு. அவையே போதும் என்றுதான் அந்த வேல் முகம் சிரிப்பதாக எனக்குத் தோன்றுகிறது.