எந்த அடுப்பில் காய்ச்சுவது?

வீட்டில் பியர் செய்யத் தொடங்குகிறவர்களிடம் எல்லோரும் ஹாப்ஸ் பூவைப் பற்றியும் ஈஸ்ட்டைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். அடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், ஏதோ ஒன்று எரிந்தால் போதும் என்று கையை அசைத்துவிடுகிறார்கள். மின்னசோட்டாவில் ஒன்பது ஆண்டுகளாகக் காய்ச்சிவரும் எங்கள் இருவருக்கும் இதில் உடன்பாடில்லை. மூன்று அடுப்புகளைக் கடந்து வந்திருக்கிறோம். ஒவ்வொரு மாற்றமும் பியரை மாற்றியதைவிட எங்கள் சனிக்கிழமைகளை மாற்றியதே அதிகம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'காய்ச்சுகிறோம்' என்றதுமே ஊறல் பானையும் காவல்துறை வாகனமும் கண்முன் வந்துவிடுகின்றன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தொலைபேசியில் முதன்முறை இச்சொல்லைக் கேட்டபோது மறுமுனையில் நிலவிய மௌனம் நீண்டது. பியரில் வடித்தல் கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இறங்கும் இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட்டிடம் ஒப்படைப்பது மட்டுமே. அமெரிக்காவில் இதற்கான கூட்டாட்சிச் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். வயது வந்த இருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றிச் செய்துகொள்ளலாம். (எல்லா மாநிலங்களும் உடனே தலையசைத்துவிடவில்லை, மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன.)

வழக்கமான அளவு 5 காலன், ஏறத்தாழ 19 லிட்டர். கொதிக்கையில் ஆவியாகும் பங்கையும் சேர்த்தால் பாத்திரத்தில் 25 லிட்டர் சாறு இருக்க வேண்டும். அந்தக் கொதியும் பால் பொங்குவது போன்றதன்று. ஒரு மணி நேரமும் தளதளவென்று புரண்டு கொதிக்க வேண்டும். ஹாப்ஸின் கசப்பு சாற்றில் இறங்குவதும், வெளுத்த மால்ட்டிலிருந்து எழும் வேகவைத்த மக்காச்சோள நெடி ஆவியோடு வெளியேறுவதும் அந்தக் கொதியால்தான். மூடி போட்டு வெப்பத்தை மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. வெளியேற வேண்டிய நெடி மூடியில் பட்டுத் திரும்பவும் உள்ளேயே சொட்டும்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 25 லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இரண்டரை யூனிட் ஆற்றல் தேவை. கொதிக்கும் ஒரு மணி நேரத்தில் 4 லிட்டரை ஆவியாக்கவும் அதே இரண்டரை யூனிட்! கொதிக்கத் தொடங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிற நமக்கு இது வியப்புதான். அடுப்பைத் தேர்ந்தெடுக்கையில் எவ்வளவு விரைவில் கொதிக்கவைக்கும் என்று கேட்பதோடு, கொதியை எவ்வளவு நேரம் தாங்கிப்பிடிக்கும் என்றும் கேட்டாக வேண்டும்.

முதல் அடுப்பு வாடகைக் குடியிருப்பின் சமையலறையில் இருந்த எரிவாயு அடுப்பு. பெரிய பர்னரின் திறன் மணிக்கு 12,000 பி.டி.யூ., அதாவது மூன்றரை கிலோவாட். அதில் பாதிக்கும் மேல் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி அறையைத்தான் சூடாக்கும். 25 லிட்டர் அதன் மேல் முனகுமே தவிரப் புரளாது. ஆகவே 10 லிட்டரில் மால்ட் சாறுப்பாகைக் கரைத்துக் கொதிக்கவைத்து, பின்னர் நீர் விட்டு நிரப்பினோம். இழிவான வழி என்று சிலர் சொல்வார்கள், நாங்கள் சொல்லமாட்டோம். அடுக்குமாடியில் வாழ்கிறவர்கள் இப்படியே தொடங்கட்டும். பால்கனியில் புரோபேன் அடுப்பை வைக்கும் யோசனை எவருக்கேனும் இருந்தால், ஊரின் தீயணைப்பு விதிகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. மரக் கட்டடங்களில் பெரும்பாலும் அனுமதி இராது. இண்டக்‌ஷன் அடுப்பும் சிறிய அளவுக்குக் கைகொடுக்கும். ஆனால் அமெரிக்காவின் 120 வோல்ட் பிளக் 1800 வாட்டுக்கு மேல் தராது. பிரிட்டனில் சாதாரணப் பிளக்கிலேயே 3 கிலோவாட் கிடைத்துவிடுகிறது. அந்நாட்டு நண்பர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

வீடு வாங்கியதும் கராஜ் வந்தது. கராஜோடு புரோபேன் அடுப்பும் வந்தது. மூன்று கால், நடுவே வார்ப்பிரும்பு வாய், 60,000 பி.டி.யூ. சித்த மருத்துவத்தில் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று வகுத்திருப்பார்கள். இந்த அடுப்புக்குத் தெரிந்தது காடாக்கினி ஒன்றே. அது எழுப்பும் ஓசையில் பேச்சுக் கேட்காது. ஆனாலும் தீக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. எதிர்வீட்டு முதியவர் முதல் முறையே சாலையைக் கடந்து வந்துவிட்டார். மூன்றாவது முறை மடக்கு நாற்காலியோடு வந்தார்.

அவர் பாட்டனார் நார்வேயின் மேற்கிலிருந்து வந்தவர். அங்கே வோஸ் பகுதியின் பண்ணைகளில் இன்றும் செப்புக் கொப்பரையை விறகுத்தீயில் ஏற்றி, ஜூனிப்பர் கிளைகள் ஊறிய நீரில் சாறெடுத்து, மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுகிறார்கள். முதியவர் அதைக் கண்டதில்லை, கேட்டு வளர்ந்தவர். பியரின் சுவையில் தீயும் கலந்திருந்த காலங்கள் உண்டு. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டில் இன்றும் புகைமணக்கும் பியர் செய்கிறார்கள். ஆஸ்திரியாவின் கரிந்தியாவில் மரத்தொட்டியை நெருப்பில் வைக்க முடியாதென்பதால், செந்தணலாய்ச் சுட்ட கற்களைச் சாற்றுக்குள் போட்டே சூடேற்றினார்கள். எங்கள் புரோபேனில் அப்படி எந்த மணமும் இல்லை. ஆயினும் அவர் அந்த நீலச்சுடரைப் பார்த்துக்கொண்டு, மூன்றாண்டுகளுக்கு முன் இறந்த தம் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், மீன்பிடிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

சிக்கல் குளிர்காலத்தில் வந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை. சிலிண்டரின் மேல் உறைபனி படிந்து, அழுத்தம் குறைந்து, சுடர் சோர்ந்தது. திறந்த கதவு வழியே புகுந்த காற்று மிச்ச வெப்பத்தையும் வாரிக்கொண்டு போனது. கதவை இழுத்து மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் எவருக்கும் வரும், எங்களுக்கும் வந்தது. மூடவில்லை. மூடிய இடத்தில் அவ்வளவு பெரிய தீ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, நெடியில்லை. எங்கள் மகளின் அறை கராஜுக்கு நேர் மேலே இருக்கிறது. அவள் பகலில் உறங்கும் நேரத்தில்தான் நாங்கள் காய்ச்சுவோம். அன்று பாதிச் சாற்றோடு அடுப்பை அணைத்தோம். அடித்தளத்துக்கு அந்த அடுப்பைக் கொண்டுபோகும் பேச்சுக்கே இடமில்லை. புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கி நிற்கும்.

ஆகவே மின்சாரம். துணி உலர்த்தும் எந்திரத்துக்காக அடித்தளத்தில் 240 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர், மின்கசிவு கண்டவுடன் தானாகவே அறுத்துக்கொள்ளும் தடுப்பானைப் பொருத்தித் தந்தார். இதில் மட்டும் கைச்சிக்கனம் கூடாது. நீரும் மின்சாரமும் எஃகுப் பாத்திரமும் ஓரிடத்தில் கூடுகின்றன. பாத்திரத்துக்குள் 5500 வாட் சூடாக்கிக் கம்பி, சாற்றில் முழுவதும் அமிழ்ந்திருக்கிறது. உண்டாகும் வெப்பம் போவதற்கு வேறிடமில்லை. வெளியே 17 கிலோவாட் எரித்த புரோபேன் அடுப்பு சாற்றுக்குள் செலுத்தியதும் ஏறக்குறைய இவ்வளவுதான். கம்பி நீளமாகவும் மடிப்பு மடிப்பாகவும் இருந்தால் வெப்பம் பரவலாக இறங்கும். குட்டையான கம்பியில் சர்க்கரை கருகிப் பிடிக்கும். கம்பி சாற்றில் மூழ்கும் முன் மின்சாரம் தரக் கூடாது. கொதிக்கும் நேரத்தில் நாலு லிட்டர் ஆவி கூரையில் வியர்க்காமலிருக்க, வெளியேற்றும் விசிறியும் வேண்டும்.

பார்லி ஊறும்போது 66 பாகையை ஒரு மணி நேரம் அசையாமல் காக்க வேண்டும். நான்கு பாகை ஏறினால் பியரில் இனிப்பும் கனமும் தங்கிவிடும். இறங்கினால் மெலிந்து வறண்டு போகும். புரோபேனோடு அது மல்யுத்தம். இங்கே ஓர் எண்ணைப் பதித்துவிட்டுப் புத்தகம் வாசிக்கலாம். தீபாக்கினியை இப்போதுதான் கண்டோம். ஒரே செய்முறையை இருவகையிலும் காய்ச்சி, அடையாளமிடாத கோப்பைகளில் ஊற்றிக் குடித்துப் பார்த்தோம். எங்களால் வேறுபாடு காண முடியவில்லை, முதியவராலும் முடியவில்லை. நேரடித் தீயில் காய்ச்சிய பியருக்குத் தனிச்சுவை உண்டு என்போருடன், இந்தச் சிறிய அளவில், நாங்கள் ஒத்துப்போவதாக இல்லை.

கணக்கு, பாதுகாப்பு, சுவை ஆகிய மூன்றும் மின்சாரத்தின் பக்கமே. ஆனால் அடித்தளத்துக்குப் பதினான்கு படிகள் இறங்க வேண்டும். முதியவரின் முழங்கால் அதற்கு ஒப்பவில்லை. சென்ற குளிர்காலம் முழுதும் நாங்கள் கீழே காய்ச்சினோம். அவர் ஜன்னல் வழியே எங்கள் மூடிய கராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். புட்டிகளை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், வாசலிலேயே.

கராஜுக்கு ஒரு 240 வோல்ட் இணைப்பை இழுக்க முடியுமா என்று இந்தக் கோடையில் மின்பணியாளரிடம் கேட்டோம். அவர் சொன்ன தொகைக்கு நல்ல பியராகவே பல பெட்டிகள் வாங்கிவிடலாம். இருந்தும் சரி என்றோம். எரிதல் இல்லையென்றால் அந்த வாயுவும் இல்லை. கதவை முழங்கால் உயரம் தூக்கிவைத்தால் ஆவி போய்விடும், குளிரும் அளவோடுதான் நுழையும். முதியவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: தீ இல்லாமல் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? எங்களிடம் பதிலில்லை. நவம்பர் முதல் வாரம் வேலை தொடங்குகிறது. அவருடைய மடக்கு நாற்காலி இன்னமும் எங்கள் கராஜில்தான், பனிவாரும் மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது.